இன்னும் பொதுக் காரணிதான்

திருப்பூர்
15.6.2003

என் தங்க மகள் ஒச்சம்மாளுக்கு அம்மா மூக்கம்மாள் எழுதிக்கொண்டது.

இங்கே நான் கை கால் சுகத்துடன் இருக்கிறேன். அங்கே நீயும் அப்பாவும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்கிறீர்களா? அப்பாவின் இருமல் மட்டுப்பட்டதா?

எனக்கு ஒரு பனியன் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் வேலை கிடைத்துவிட்டது. மடித்து வரும் பனியன்களை சைஸ் பார்த்து எண்ணி, டஜன் டஜனாகப் பெட்டியில் அடுக்க வேண்டும். பகல் முழுக்க நின்றே செய்யும் வேலை. குதிகால் வீங்குகிறது. வாய் மட்டும் ஓயவில்லை, பக்கத்தில் நிற்பவளோடு பேசிக்கொண்டே இருக்கிறேன். குடியிருப்பது லைன் வீட்டில் ஒற்றை அறை. வீட்டுக்காரம்மா சாரதாமணி அக்கா நல்ல மனுஷி. “பயமா இருந்தா ஒரு சத்தம் குடுங்க மூக்கம்மா, நான் பக்கத்துலதான் இருக்கறனுங்க” என்றார். நம்மூரில் என்னிடம் யார் இத்தனை மரியாதையாகப் பேசியிருக்கிறார்கள்? எனக்குச் சிரிப்பாக வந்தது.

பள்ளிக்கூடம் திறந்திருப்பார்கள். நம் வம்சத்தில் ஒன்பதாம் வகுப்புக்குப் போன முதல் பெண் நீதான். நான் ஏழாவதோடு நின்றவள். நீ பத்தாவது முடிக்க வேண்டும் என்பதற்காகத்தான் உங்களை விட்டுவிட்டு இந்தப் பஞ்சுத் தூசிக்குள் வந்து நிற்கிறேன். வேறு எதற்கும் இல்லை. அதனால் உனக்கு ஒரு நிபந்தனை. கணக்கு என்றால் உனக்கு வேப்பங்காய் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு கடிதத்திலும் வாத்தியார் நடத்திய கணக்குப் பாடத்தை எனக்கு எழுது. நானும் போட்டுப் பார்க்கிறேன். பாடம் வந்தால் நீ பள்ளிக்கூடம் போகிறாய் என்று என் மனசு நிம்மதியாக இருக்கும்.

மளிகைக்கடை போனுக்குப் பேசலாம் என்றால், கடைக்காரர் காது முழுக்க நம் பக்கம்தான் இருக்கும். கடிதமே போதும்.

உன் நினைவாகவே இருக்கும்
அம்மா


ஊத்துப்பட்டி
29.6.2003

அன்புள்ள அம்மாவுக்கு உன் மகள் ஒச்சம்மாள் வணக்கம் சொல்லி எழுதுவது.

நாங்கள் சுகம். அப்பாவின் இருமல் நின்றுவிட்டது. எழுமலைப் பக்கம் கிணறு தூர் வாரும் வேலைக்குப் போய்வருகிறார். உன் குதிகாலுக்கு வெந்நீரில் உப்புப் போட்டு ஒத்தடம் கொடு.

உன் நிபந்தனைப்படி பாடம். இந்த வாரம் காரணிப்படுத்தல் ஆரம்பித்தார்கள். ஒரு கோவையில் இரண்டு மூன்று உறுப்புகள் கூட்டலாக நிற்கும். எல்லாவற்றுக்குள்ளும் ஒரே எண்ணோ எழுத்தோ பொதுவாக ஒளிந்திருந்தால் அதை வெளியே எடுத்து, மிச்சத்தை அடைப்புக்குறிக்குள் போட வேண்டும். வெளியே வருவதுதான் பொதுக் காரணி. 6x + 9 என்றால் இரண்டிலும் 3 இருக்கிறது. 3(2x + 3). பெருக்கிப் பார்த்தால் பழையபடி வர வேண்டும்.

x என்றால் என்ன என்று என்னைக் கேட்காதே. நான் கேட்டதற்கு வாத்தியார், “எதுவா வேணா இருக்கலாம், ஒக்காரு” என்று சொல்லிவிட்டார்.

உனக்கு வீட்டுப்பாடம்: 24a + 36b, 18a + 30b.

உன் பிரிய மகள்
ஒச்சம்மாள்


திருப்பூர்
13.7.2003

கெட்டிக்கார மகளுக்கு அம்மாவின் முத்தம்.

நான் நலம். ஒத்தடம் கொடுத்தேன், வீக்கம் வடிந்தது. நீ எண்ணெய் வைத்துத் தலை பின்னுகிறாயா, இல்லை காக்காய்க் கூட்டோடு போகிறாயா?

கணக்கைப் பார்த்ததும் முதலில் கண்ணைக் கட்டியது. பிறகு பார்த்தால் இது என் வேலைதான்! a என்பது சிவப்புப் பனியன், b என்பது நீலப் பனியன் என்று வைத்துக்கொண்டேன். இருபத்துநாலு சிவப்பு, முப்பத்தாறு நீலம். டஜன்தான் பொது. 12(2a + 3b). டஜனை வெளியே எடுத்து எழுதிவிட்டேன், சரியா?

இரண்டாவது கொஞ்சம் மல்லுக்கட்டியது. பதினெட்டு என்பது ஒன்றரை டஜன். முப்பது என்பது இரண்டரை டஜன். ஆகவே 12(1½a + 2½b). பெருக்கிப் பார்த்தேன், அப்படியே திரும்ப வந்துவிட்டது. வாத்தியாரிடம் காட்டு. ஏழாவது பெயிலான மூக்கம்மாள் போட்டது என்று சொல்.

அப்பாவைக் கிணற்றுக்குள் இறங்கும்போது வடத்தைப் பார்த்து இறங்கச் சொல்.

அன்புடன்
அம்மா


ஊத்துப்பட்டி
27.7.2003

அருமை அம்மாவுக்கு ஒச்சம்மாள் எழுதுவது. இங்கே யாவரும் சுகம், அங்கே நீயும் அப்படியே இருக்க ஒச்சாண்டம்மனை வேண்டுகிறேன்.

உன் கணக்கை வாத்தியாரிடம் காட்டினேன். ஒன்றரை a-யைப் பார்த்துவிட்டு, “ஒங்கம்மா பனியன் கம்பெனியிலயா இருக்காக?” என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. எனக்குக் கோபம் வரவில்லை அம்மா, பெருமையாகத்தான் இருந்தது. “வேற எந்த ஊர்க்காரனும் இந்தத் தப்பைப் போட மாட்டான்” என்றார்.

தப்பு என்னவென்றால், பொதுவாக எடுக்கும் எண் எல்லாவற்றுக்குள்ளும் முழுசாகப் போக வேண்டும். எதையும் பாதியாக உடைக்கக் கூடாது. பதினெட்டிலும் முப்பதிலும் முழுசாகப் போகும் பெரிய எண் 6. ஆகவே 6(3a + 5b). டஜனை மறந்துவிட்டு அரை டஜனாக அடுக்கிப் பார், வந்துவிடும். முதல் கணக்குக்கு முழு மதிப்பெண்.

ஆடிப்பெருக்கு கழிந்ததும் அடுத்த பாடமாம். இதைவிடக் கஷ்டம் என்கிறார்கள். முதல் பெஞ்சில் இடம் பிடித்துவிட்டேன். எனக்கு இப்போது கணக்குப் பிடிக்கிறது. யாரிடமும் சொல்லிவிடாதே.

உன் வாத்தியார்
ஒச்சம்மாள்


திருப்பூர்
24.8.2003

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

நான் சௌக்கியம். உன் சௌக்கியம்தான் தெரியவில்லை. ஆடி போய் ஆவணி வந்துவிட்டது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உடம்புக்கு ஏதும் இல்லையே? அப்பா நலம்தானே? கடைக்கு இரண்டு முறை போன் செய்தேன். “நல்லாத்தான இருக்காக, எனக்கென்ன தெரியும்” என்று கடைக்காரர் வைத்துவிட்டார். என்றைக்கும் இல்லாமல் அந்த மனுஷன் பேச்சைக் குறைத்தது எனக்கு நெருடுகிறது.

புதுப் பாடம் தலைக்கு ஏறாமல் கவலைப்படுகிறாயா? ஆனைக்கும் அடி சறுக்கும், நான் டஜனில் விழவில்லையா? ஒரு சந்தேகம் கேட்கிறேன். 7x + 7 என்று நானே ஒன்று எழுதிப் பார்த்தேன். 7-ஐ வெளியே எடுத்தால் உள்ளே x மட்டும்தானே நிற்கும்? ஆனால் பெருக்கினால் குறைகிறது. எங்கே தப்பு?

உடனே எழுது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

அம்மா


ஊத்துப்பட்டி
3.9.2003

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். அப்பாவும் வீட்டில்தான் இருக்கிறார். எனக்குக் காய்ச்சல் வந்து தாமதமாகிவிட்டது, இப்போது சரியாகிவிட்டது. நீ சோறு சாப்பிடு.

உன் சந்தேகத்துக்குப் பதில்: 7(x + 1). இரண்டாவது 7-லிருந்து 7-ஐ எடுத்தால் ஒன்றும் இல்லை என்று நினைத்துவிட்டாய். வகுப்பில் எல்லோரும் செய்யும் தப்புதான் இது. 7 என்பது 7 பெருக்கல் 1. அந்த 1 உள்ளே நிற்க வேண்டும்.

வாத்தியார் இன்னும் பொதுக் காரணிதான் நடத்துகிறார். அடுத்த பாடம் கொஞ்ச நாள் போகட்டும் என்று சொல்லிவிட்டார். இது அஸ்திவாரமாம். உனக்குக் கணக்கு: 4a²b + 6ab² + 10ab.

உலை கொதிக்கிறது, போகிறேன்.

ஒச்சம்மாள்


திருப்பூர்
14.9.2003

என் உயிர் மகளுக்கு அம்மாவின் ஆசி.

உன் கடிதம் வந்த அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டேன். காய்ச்சலில் இளைத்திருப்பாய். முட்டை வாங்கிச் சாப்பிடு.

2ab(2a + 3b + 5). சரிதானே? இடைவேளையில் அட்டைப்பெட்டித் துண்டில் போட்டேன். சூப்பர்வைசர் வந்து, “என்னம்மா இது, பெட்டி நம்பரா?” என்றார். “இல்லைங்க, என் மக நடத்துற பாடம்” என்றேன். அவர் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும். ஷிப்மெண்ட் நேரத்தில் கை மடித்து அடுக்கிக்கொண்டே இருக்கும், தலைக்குள் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். உன்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பது போல இருக்கிறது தாயி. இந்த ஊரில் எனக்குள்ள ஒரே சந்தோஷம் அதுதான்.

தீபாவளிக்கு வருகிறேன். காலாண்டுப் பரீட்சை மார்க்கை எழுது.

அம்மா


ஊத்துப்பட்டி
25.9.2003

அன்புள்ள அம்மாவுக்கு,

நாங்கள் சுகம். நீ போட்டது சரி. பரீட்சை நன்றாக எழுதியிருக்கிறேன், மார்க் இன்னும் சொல்லவில்லை.

தீபாவளிக்கு பஸ்ஸில் நிற்கக்கூட இடம் இருக்காது என்கிறார்கள். நீ கால் வீக்கத்தோடு அலைய வேண்டாம். பொங்கலுக்கு வந்தால் போதும். அப்பாவும் அப்படித்தான் சொல்கிறார்.

பாடம் பொதுக் காரணிதான். இப்போது எண்ணுக்குப் பதிலாக ஓர் அடைப்புக்குறியே பொதுவாக வரும். p(a + b) + q(a + b). இரண்டிலும் (a + b) இருப்பதைப் பார். அதை அப்படியே வெளியே எடு: (a + b)(p + q). இதே மாதிரி பத்துக் கணக்கு பின்பக்கம் எழுதியிருக்கிறேன். நிதானமாகப் போடு. எல்லாம் முடிக்க நிறைய நாள் ஆகும்.

ஒச்சம்மாள்


திருப்பூர்
5.10.2003

மகளுக்கு அம்மா எழுதுவது. நலம். உங்கள் நலத்தையும் எழுதவும்.

பத்துக் கணக்கையும் முடித்துவிட்டேன். ஆனால் இன்று எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. சாரதாமணி அக்காவின் மகள் சுபஸ்ரீயும் உன்னைப் போல ஒன்பதாவதுதான், தமிழ் மீடியம்தான், அதே புத்தகம்தான். பெருமையாக அவளிடம் காட்டினேன். அவள் பார்த்துவிட்டு, “இதெல்லாம் நாங்க ஜூலையிலயே முடிச்சுட்டமுங்க அக்கா. அதுக்கப்புறம் எத்தனையோ பாடம் ஆச்சுங்க. இப்ப வடிவியல் நடக்குதுங்க” என்றாள். அவள் அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, “அந்தப் பக்கத்துப் பள்ளிக்கோடத்துல மெதுவாத்தான் நடத்துவாங்களாட்ட இருக்குது, நீங்க மனசுல வெச்சுக்காதீங்க” என்று சமாதானம் சொன்னார்.

எப்படி வைத்துக்கொள்ளாமல் இருப்பேன்? மூன்று மாதமாக ஒரே பாடமா? சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? அந்த வாத்தியாருக்கு அதற்குமேல் தெரியாதா, இல்லை வகுப்புக்கே வருவதில்லையா? என் பிள்ளையின் படிப்பில் மண்ணைப் போட அவர் யார்? நான் தலைமை ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதப்போகிறேன். தீபாவளிக்குக் கட்டாயம் வருகிறேன். பஸ்ஸில் தொங்கிக்கொண்டாவது வருவேன். வந்து பள்ளிக்கூடத்தில் நேரிலேயே கேட்கிறேன்.

அம்மா


ஊத்துப்பட்டி
12.10.2003

மூக்கம்மாளுக்கு வெள்ளையன் எழுதுவது. உன் சுகம் அறிய ஆசை.

நீ தலைமை ஆசிரியருக்கு எழுத வேண்டாம். வாத்தியார் மேல் குற்றம் இல்லை. ஆடிப்பெருக்குக்கு மறுநாள் கிணற்றில் வடம் அறுந்து விழுந்துவிட்டேன். மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வந்தேன். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி குறைவாக இருக்கிறது. எழுந்து உட்கார நாள் ஆகும் என்றார்கள், எத்தனை நாள் என்று சொல்லவில்லை. நான் விழுந்த அன்றோடு பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுவிட்டது.

உனக்கு எழுதிவிடலாம் என்றுதான் சொன்னேன். “அம்மாவுக்குத் தெரிஞ்சா வேலையை விட்டுட்டு வந்துரும்ப்பா. அப்புறம் நாம எதைத் திங்கிறது? பாடம் எழுதினா நான் பள்ளிக்கூடம் போறேன்னு அது நம்பிக்கிரும்” என்றாள். எனக்கும் அதுவே சௌகரியமாகப் பட்டது. ஊர்க்காரர்களிடமும் வாயைத் திறக்க வேண்டாம் என்று சொல்லிவைத்தேன். கடைசியாக அவளுக்கு நடத்தியது அந்தப் பாடம்தான். அதற்குமேல் அவளுக்குத் தெரியாது. புத்தகத்தில் உள்ள கணக்கெல்லாம் தீர்ந்த பிறகு, இவளே யோசித்து யோசித்துப் புதுசாகச் செய்து உனக்கு எழுதினாள்.

பெண்பிள்ளை செய்யக் கூடாத வேலையெல்லாம் எனக்குச் செய்கிறாள். நான் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறேன். வருகிறதானால் வா. அவள் மேல் கை வைக்காதே.

வெள்ளையன்


திருப்பூர்
7.12.2003

மகள் ஒச்சம்மாளுக்கு அம்மா எழுதுவது.

நான் இருக்கிறேன். அப்பாவுக்கு முதுகுப் புண் ஆறிவருகிறதா? பவுடர் தீர்ந்திருந்தால் எழுது.

தீபாவளிக்கு வந்துவிட்டுப் போன பிறகு எழுத உட்காரும் முதல் கடிதம் இது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயே என்று, வந்ததும் வராததுமாக நாலு பேர் பார்க்க உன்னை அடித்தேன். அப்பா சொல்லியும் அடித்தேன். பிறகு நீ அவரைப் புரட்டிப் படுக்கவைத்த பழக்கத்தைப் பார்த்தேன். அந்தக் கையைத்தான் அடித்தேன் என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அழுதேன்.

பள்ளிக்கூடத்தில் பேரை எடுத்துவிட்டார்கள், ஜூனில் மறுபடி ஒன்பதாவதிலேயே சேர்க்கலாம் என்றார் தலைமை ஆசிரியர். ஜூனில் உன்னைச் சேர்க்கிறேன் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஒரு மாதமாக எடுத்து எடுத்து வைக்கிறேன், எழுத வரவில்லை. நான் வேலையை விட்டு அங்கே வந்தால் மூன்று வயிறும் காயும். வராமல் இருந்தால் அந்த வீட்டுக்குள் உன்னைத் தனியாக விட்டுக் கொல்கிறேன். ஆகவே அப்பாவைக் கூட்டிக்கொண்டு இங்கேயே வந்துவிடு. இந்த ஊருக்குப் பனியன் ஏற்ற வரும் வேன்காரர் ஒருவர் உசிலம்பட்டியில் இருக்கிறார், வருகிற வியாழக்கிழமை விட்டு அடுத்த வியாழக்கிழமை ஊத்துப்பட்டிக்கே வந்து ஏற்றிக்கொள்வார். சாரதாமணி அக்கா சம்மதித்துவிட்டார்.

பகல் ஷிப்ட் எனக்கு, சாயங்கால ஷிப்ட் உனக்கு. யாராவது ஒருத்தி அப்பா பக்கத்தில் இருந்துகொள்ளலாம். கைமடி என்று ஒரு வேலை. தைக்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்து, தைத்த பீஸை வாங்கி நூலை வெட்டி மடித்து அடுக்க வேண்டும். உனக்குக் கஷ்டமாக இருக்காது.

வேலைக்குச் சேர்க்கும்போது வயசு கேட்பார்கள். பதினாறு என்று சொல். நிமிர்ந்து, முகத்தைப் பார்த்துச் சொல். பதினாலு என்று வாய் தவறி வந்துவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பொய் சொன்னாய் என்று உன்னை அடித்தவள், இப்போது நானே உனக்கு ஒரு பொய்யைச் சொல்லித் தருகிறேன். ஒரு தாய்க்கு இதைவிடக் கேவலம் என்ன இருக்கிறது?

அம்மா


ஊத்துப்பட்டி
14.12.2003

அன்புள்ள அம்மாவுக்கு உன் மகள் எழுதுவது.

இங்கே அப்பாவும் நானும் நலம். புண் காய்ந்துவிட்டது. நீ அழாதே. அடித்தது எனக்கு வலிக்கவில்லை. பாடம் எழுதுவது நின்றதுதான் வலித்தது. உனக்காகப் புதுக் கணக்கு யோசிக்கும் நேரமெல்லாம் நான் வகுப்பில் உட்கார்ந்திருப்பது போலவே இருக்கும். தீபாவளிக்குப் பிறகு அதுவும் இல்லை.

வேன்காரர் வந்து பார்த்துவிட்டுப் போனார். கட்டிலோடு ஏற்றிக்கொள்ளலாம் என்றார். அப்பா இரண்டு நாள் வரமாட்டேன் என்று அடம் பிடித்தார், இப்போது ஒத்துக்கொண்டார். பள்ளிக்கூடப் புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கோழியைப் பக்கத்து வீட்டில் விட்டிருக்கிறேன்.

நீ சொன்னபடி வயசைச் சொல்லிப் பார்த்தேன். அப்பாவைக் கம்பெனிக்காரராக வைத்துக்கொண்டு அவர் கேட்க, நான் நிமிர்ந்து பதினாறு என்றேன். முதலில் தடுமாறியது, இப்போது தடுமாறவில்லை.

பிறந்த வருஷம் கேட்டால் என்ன சொல்வது என்று நீ எழுதவில்லை. நானே கழித்துப் பார்த்து வைத்துக்கொண்டேன். 1987. சரிதானே அம்மா? தப்பு என்றால் வேன் வருவதற்குள் எழுதிவிடு.

உன் மகள்
ஒச்சம்மாள்